மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்து

கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்கும் யாரும் அதன் ஓரத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் நடுவிலேயே இருக்கிறது. நீலப் புள்ளி, போக வேண்டிய இடம், இன்னும் எத்தனை நிமிடம்... அவ்வளவுதான். ஆனால் பல செயலிகளில் கீழ் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று. சில செயலிகளில் அந்த வரிகூட நேரடியாகத் தெரியாது. அங்கே இருக்கும் ஒரு குறியைத் தொட்டால்தான் எட்டிப் பார்க்கும்.

அந்த ஒரு வரிக்குள் லட்சக்கணக்கான மனிதர்கள் இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் தங்கள் தெருவை, பக்கத்துத் தெருவை, சில நேரம் பார்த்தேயிராத ஏதோ ஒரு நாட்டின் கிராமத்தை வரைந்தவர்கள். அவர்கள் வரைந்ததை இன்று உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. பயன்படுத்துவதோடு நிற்காமல் ஆள் வைத்துத் திருத்துகின்றன, பணம் தருகின்றன, தங்களுக்குள் கூட்டணி சேர்ந்து அதன் மேல் இன்னொரு வரைபடத் தரவையும் கட்டுகின்றன.

இது தன்னார்வலர்களுக்குக் கிடைத்த வெற்றியா? அல்லது அவர்கள் கட்டிய வீட்டில் அவர்களே வாடகைக்கு இருக்கும் நிலை வரப்போகிறதா? இரண்டுக்கும் ஆதரவாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

ஒரு மாணவர் தொடங்கியது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004ல் இங்கிலாந்தில் பிறந்தது. தொடங்கியவர் ஸ்டீவ் கோஸ்ட். அப்போது அவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மாணவர். அந்த நாட்டில் 1791ல் தொடங்கிய ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனம் அருமையான வரைபடங்களை வைத்திருந்தது. ஆனால் அந்தத் தரவுக்கு அரச காப்புரிமை. வேண்டுமென்றால் காசு கொடுத்து, அவர்கள் சொல்லும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுத்தான் பயன்படுத்த முடியும். மக்களுடைய தெருக்களின் படம் மக்கள் கையில் இல்லை.

அதற்கு முன்பே இரண்டு விஷயங்கள் நடந்திருந்தன. ஒன்று, 2000 மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நிறுத்தியது. அதன்பின் சாதாரண மனிதர் கையிலிருக்கும் சிறு கருவிகூட ஒரு தெருவைச் சரியாகப் பதிவு செய்யும் நிலை வந்தது. இன்னொன்று, 2001ல் விக்கிபீடியா தொடங்கியது. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு கலைக்களஞ்சியம் எழுத முடியும் என்றால் ஒரு வரைபடம் வரைய முடியாதா என்ன?

முடிந்தது. சைக்கிளில் ஜி.பி.எஸ். கருவியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். தெருப்பெயரைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றினார்கள். 2006 மே மாதம் ஒரு வார இறுதியில் ஒரு கூட்டம் சேர்ந்து போய் வைட் தீவை வரைந்தது. அடுத்தவர் வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. ஒரு தெருவைச் சேர்க்க வேண்டுமென்றால் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும்.

2010 ஏப்ரலில் ஆர்டனன்ஸ் சர்வே தன் தரவுகளில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கு இந்த சைக்கிள்காரர்கள் மட்டும் காரணம் இல்லை. ஆனால் பூட்டி வைத்தால் மக்கள் தாங்களே வரைந்துகொள்வார்கள் என்று காட்டியது அவர்கள்தான்.

கொடுத்த கைகள்

நிறுவனம் என்றாலே வில்லன் என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

2006 இறுதியில் யாஹூ தன்னிடமிருந்த வான்படங்களின் மேல் கோடு வரைந்துகொள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அனுமதித்தது. 2007ல் ஏ.என்.டி. என்ற டச்சு நிறுவனம் நெதர்லாந்தின் சாலைத் தரவு முழுவதையும் கொடுத்தது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தன்னிடம் இருந்த சாலைகளையும் சேர்த்தே கொடுத்தது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் வான்படங்களைத் திறந்துவிட்டது. அதே நேரத்தில் ஸ்டீவ் கோஸ்டும் அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் படங்கள் இல்லையென்றால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாதி ஊர்கள் வரைபடத்தில் ஏறியிருக்காது.

ஹைட்டியை நினைத்துப் பாருங்கள். 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம். தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சுக்குச் சரியான தெரு வரைபடம் இல்லை. மீட்புக் குழுக்கள் எந்தத் தெருவில் எப்படிப் போவது? செயற்கைக்கோள் படம் வைத்திருந்த நிறுவனங்கள் புதிய படங்களைத் திறந்துவிட்டன. உலகெங்கும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் இரவு பகலாக உட்கார்ந்து தெருக்களையும் இடிந்த கட்டிடங்களையும் முகாம்களையும் வரைந்தார்கள். சில நாட்களிலேயே மீட்புக் குழுவினர் அந்த வரைபடத்தைத் தங்கள் கருவிகளில் ஏற்றிக்கொண்டு அலைந்தார்கள்.

இங்கே படம் நிறுவனத்துடையது, உழைப்பு மக்களுடையது, விளைந்த வரைபடம் எல்லோருடையது. இந்த மூன்றாவது பகுதிதான் முக்கியம். அது மாறும்போதுதான் பிரச்சனை தொடங்குகிறது.

வாங்கிய கைகள்

2008ல் கூகிள், மேப் மேக்கர் என்ற சேவையைத் தொடங்கியது. சரியான வரைபடம் இல்லாத நாடுகளில் மக்களே தங்கள் ஊரை வரையலாம். பார்க்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மாதிரியே இருந்தது. இந்தியப் பொறியாளர்களின் கை அதில் பெரிது. இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆர்வமாக வரைந்தார்கள். தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமும் கோவில் தெருவும் கணினித் திரையில் தெரிவது சின்ன சந்தோஷமா?

ஒரே ஒரு வித்தியாசம். வரைந்த தரவு மொத்தமாக கூகிளிடம் போய்ச் சேர்ந்தது. வரைந்தவர் அதைத் திரையில் பார்க்கலாம். ஆனால் மொத்தமாக இறக்கி, தன் ஊருக்கென்று ஒரு பேருந்து வழிகாட்டி செய்ய நினைத்தால் கூகிளின் நிபந்தனை குறுக்கே நிற்கும்.

2012ல் உலக வங்கியே இதில் சிக்கிக்கொண்டது. பேரிடர்க் காலத்துக்கு உதவும் என்று மேப் மேக்கர் தரவுக்காக கூகிளுடன் ஒப்பந்தம் போட்டது. மக்கள் உழைத்து வரைந்ததை மக்களே பயன்படுத்த முடியாதா என்று கேள்வி எழுந்தது. சில வாரங்களில் உலக வங்கி தன் நிலையைத் தெளிவாக்கியது: பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் வரைபடத் தரவு பொதுமக்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கும் திட்டங்களை மட்டுமே ஆதரிப்போம் என்றது.

2017 மார்ச்சில் மேப் மேக்கர் மூடப்பட்டது. அதன் சில வசதிகள் கூகிள் மேப்ஸுக்குள் போய்விட்டன. வரைந்தவர்களின் உழைப்பு கூகிளிடமே தங்கிவிட்டது. ஒன்பது வருட சமூகம், ஒரு அறிவிப்போடு கலைந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை நாளைக்கே யாராவது மூடினாலும் தரவின் பிரதிகள் ஆயிரம் இடத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் மேக்கரில் விட்ட இடம் என்று ஒன்று இல்லவே இல்லை.

வேஸ் கதை இன்னும் சுவாரசியம். 2006ல் இஸ்ரேலில் 'ஃப்ரீமேப்' என்ற பெயரில், மக்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமாகத் தொடங்கியது அது. பிறகு நிறுவனமானது. 2013ல் கூகிள் அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. தெருவைத் திருத்திய, நெரிசலைச் சொன்ன, பெயரைச் சேர்த்த மக்களுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. சட்டப்படி தவறு கிடையாது. ஆனால் தொடக்கத்திலேயே உரிமம் சரியாக இல்லையென்றால் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு இது பாடம்.

சம்பளத்துக்கு வரைபவர்கள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தது. 2012 செப்டம்பரில் அது புதிய தரவு உரிமத்துக்கு மாறியது. அதன் சாரம் இரண்டு வரி. யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும்கூட, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். எடுத்த தரவை மேம்படுத்தி வெளியிட்டால், மேம்படுத்திய தரவையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குச் சம்மதிக்காதவர்கள் வரைந்தவை வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டன. வரைந்த தெருவைத் தானே அழிப்பது எந்தச் சமூகத்துக்கும் வலிக்கும். அந்த வலியைத் தாங்கிக்கொண்டுதான் இந்த வேலியைக் கட்டினார்கள்.

வேலி கட்டியதும் நிறுவனங்கள் ஓடிவிடவில்லை. கூட்டமாக வந்தன. 2012ல் ஃபோர்ஸ்கொயர் கூகிள் வரைபடத்தை விட்டு இங்கே வந்தது. போக்கிமான் கோ விளையாட்டு 2017 இறுதியில் வந்தது. அதே 2012ல், திறந்த வரைபடங்களை நம்பலாமா என்று டாம்டாம் நிறுவனம் வெளிப்படையாகவே சந்தேகம் கிளப்பியது. பத்து வருடம் கழித்து, 2022ல், அதே டாம்டாம் தன் புதிய வரைபடத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவையும் சேர்க்கப்போவதாக அறிவித்தது!

அடுத்து நிறுவனங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்து வரையத் தொடங்கின. ஆப்பிள், அமேசான், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், வாடகை வண்டிச் செயலிகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. அமேசானின் ஆட்கள், பொட்டலம் கொண்டுபோகும் வண்டிக்குத் தேவையான சின்னச் சின்ன உட்சாலைகளைச் சேர்த்தார்கள். தன்னார்வலர் யாரும் வேலை மெனக்கெட்டு வரையாத சாலைகள் அவை. இதில் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தாய்லாந்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் படத்திலிருந்து சாலைகளைக் கணினியே கண்டுபிடிக்கும் முறையை ஃபேஸ்புக் அங்கே பயன்படுத்தியது. விடுபட்ட சாலைகள் 3 லட்சம் மைலுக்கு மேல் சேர்க்கப்பட்டதாக 2019ல் அறிவித்தது. அந்த நாட்டுத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் சைக்கிள் மிதித்தாலும் முடியாத வேலை. அதேசமயம் வேறொரு நிறுவனத்தின் சம்பள ஆட்கள், உள்ளூர்க்காரர்கள் நேரில் போய்ப் பார்த்துப் போட்டதைத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு மாற்றுகிறார்கள் என்று 2018ல் புகார் எழுந்தது.

நேரில் பார்த்தவருக்கும் படத்தில் பார்த்தவருக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் நியாயம்? மரத்தடியில் மறைந்திருக்கும் பாதை படத்தில் தெரியாது. மழைக்காலத்தில் ஓடையாகிவிடும் சாலை, கோடைக்காலப் படத்தில் நல்ல சாலையாகத் தெரியும். தனியார் தோட்டத்துக்குள் போகும் வழி, மேலிருந்து பார்த்தால் பொது வழி போலவே இருக்கும். அங்கே வசிப்பவருக்கு இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

எண்ணிக்கையில் மட்டும் சம்பளத்துக்கு வரைபவர் ஜெயித்துவிடுவார். அவருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம் இதுதான் வேலை. தன்னார்வலருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஒரு தடவை போட்டதை யாரோ மாற்றிவிட்டால் சரி செய்வார். மூன்றாவது தடவை கணினியை மூடிவிட்டுப் போய்விடுவார். அப்படி ஒருவர் போவது எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியாது.

2018 நவம்பரில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை கூட்டாக வரைபவர்களுக்கென்று வழிகாட்டு நெறிகளை ஏற்றது. யார் வரைகிறார்கள், எதற்காக, யாரிடம் கேட்பது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். உள்ளூர்ச் சமூகத்தோடு பேச வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அவை சட்டம் இல்லை. கேட்டு நடப்பது அவரவர் மனசாட்சி.

ஓவர்ச்சர்: மேல்மாடி

2022 டிசம்பரில் கதை அடுத்த கட்டத்துக்குப் போனது. அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் நான்கும் சேர்ந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 'ஓவர்ச்சர் மேப்ஸ் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கின. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு, செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினி கண்டுபிடித்த கட்டிடங்கள், நிறுவனங்களிடம் இருக்கும் கடை, உணவகப் பட்டியல்கள், எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்து, ஒரே வடிவத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் தருவது திட்டம். 2023 ஜூலையில் முதல் வெளியீடு வந்தது. கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் என்று சுமார் 6 கோடி இடங்கள் அதில் இருந்தன.

தொடங்கியபோது கூகிள் அந்தக் கூட்டணியில் இல்லை. கூகிளோடு தனித்தனியாகப் போட்டி போட முடியாதவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள் என்று பலரும் அப்போதே சொன்னார்கள்.

ஓவர்ச்சர் பக்கத்தின் வாதமும் பலமானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு ஊருக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒருவர் கட்டிட உயரத்தை எழுதுவார், இன்னொருவர் எழுத மாட்டார். குறும்பு செய்பவர்களும் உண்டு. 2018 ஆகஸ்டில் நியூயார்க் நகரத்தின் பெயரை யாரோ யூதர்களை இழிவுபடுத்தும் பெயராக மாற்றிவிட்டார்கள். அது மேப்பாக்ஸ் நிறுவனம் வழியாக ஸ்னாப்சாட் வரை போய்த் தெரிந்தது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனம், சோதித்துச் சரிபார்த்த தரவு வேண்டும் என்று கேட்பது தப்பா?

தப்பில்லை. ஆனால் அந்த நியூயார்க் கதையில் பலரும் சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த அசிங்கத்தைத் தன்னார்வலர்கள் சில மணி நேரத்திலேயே நீக்கிவிட்டார்கள். அது நடந்து ஏறக்குறைய இருபது நாள் கழித்துத்தான் நிறுவனத்தின் பிரதியில் அது தலைகாட்டியது. மூலத்தில் கண் விழித்திருந்தார்கள், பிரதியில்தான் தூங்கிவிட்டார்கள்.

ஓவர்ச்சரின் உரிமங்களையும் கவனிக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு கலந்த கட்டிடங்களும் சாலைகளும் அதே பகிர்ந்துகொள்ளும் உரிமத்தில்தான் வருகின்றன. வேலி வேலை செய்கிறது. ஆனால் நிறுவனங்கள் கொடுக்கும் 'இடங்கள்' தரவுக்கு வேறு உரிமம். அதை எடுத்து மேம்படுத்துபவர் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்தவர்களின் விருப்பம் அது. மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. எனினும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

திருட்டு அல்ல, தூர்

'எங்கள் உழைப்பைத் திருடுகிறார்கள்' என்று சில தன்னார்வலர்கள் கோபப்படுவதுண்டு. அந்தக் கோபம் நிற்காது. எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்துவிட்டு, எடுத்தவரைத் திட்டுவது நியாயம் இல்லை. மேலும், தரவு எடுத்தால் குறைவதும் இல்லை. ஆயிரம் பேர் இறக்கினாலும் மூலம் அப்படியே இருக்கும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தெரு மாறிக்கொண்டே இருக்கும். கடை மூடும், பாலம் வரும், ஒருவழிப் பாதை இருவழியாகும். யாரும் தொடாமல் விட்டால் எந்த வரைபடமும் பழசாகும். எனவே வரைபடத்தின் உயிர், அதைத் திருத்த அடுத்த மாதமும் ஒருவர் வருவாரா என்பதில் இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கோடிக்கு மேல் கணக்குகள் இருந்தாலும் மாதாமாதம் திருத்துபவர்கள் சில பத்தாயிரம் பேர்தான்.

அந்தச் சில பத்தாயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் ஒரு பிழையைப் பார்த்துத்தான். 'என் தெரு தப்பாக இருக்கிறதே' என்று தேடிப் போய், 'அட, நானே திருத்தலாமா!' என்று ஆச்சரியப்பட்டு, அப்படியே மாட்டிக்கொண்டவர்கள். பிழையைப் பார்த்தவருக்கு அந்தக் கதவு தெரிய வேண்டும். நிறுவனத்தின் செயலிக்குள், கூட்டணியின் தரவுக்குள், அதற்கும் அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருந்தால் கதவு எப்படித் தெரியும்? அவர் செயலியிலேயே 'பிழை' என்று ஒரு பொத்தானை அழுத்துவார். அது நிறுவனத்துக்குப் போகும். மூலத்துக்குத் திரும்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரு திருத்தம் தொலைந்தால்கூடப் பரவாயில்லை. வரவேண்டிய ஒரு மனிதர் தொலைந்துவிடுகிறார்.

தமிழ்நாட்டு ஏரிகளுக்குக் குடிமராமத்து என்று ஒரு பழக்கம் இருந்தது. ஏரித் தண்ணீரில் விவசாயம் செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து தூர் வாருவார்கள், கரையைப் பலப்படுத்துவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள். பராமரிப்பு மெல்ல மெல்ல அரசுத் துறையின் கைக்குப் போனதும் அந்தப் பழக்கம் தேய்ந்தது. மண்வெட்டியோடு வரும் ஆட்கள் குறைந்தார்கள். தண்ணீர் எடுக்கும் ஆட்கள் குறையவில்லை. துறை கைவிட்ட வருடத்தில் தூர் வாரத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை.

நிறுவனங்கள் வரைபடத்தைப் பராமரிப்பதில் இதே ஆபத்துதான் இருக்கிறது. அவை நன்றாகவே பராமரிக்கலாம், பத்து வருடம் கூடச் செய்யலாம். ஆனால் லாபக் கணக்கு மாறும் நாளில் மேப் மேக்கரை மூடியது போல மூடலாம். அன்றைக்கு மண்வெட்டி பிடிக்க ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

ஊரில் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை ஒருமுறை பார்த்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரு வரைபடம் இணையத்தில் வந்தது. அதில் மக்கள் தங்கள் தெருவைச் சொடுக்கினால் அது தண்ணீர் நிற்கும் தெருவாக மாறும். சில நாட்களில் 2,000க்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. சொடுக்க அங்கே ஒரு தெரு இருந்ததற்குக் காரணம், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சென்னையைத் தெருத்தெருவாக வரைந்து வைத்திருந்ததுதான். அதை உருவாக்கியதில் முன்நின்றவர் ஒரு வரைபட நிறுவனத்தில் வேலை செய்தவர். கூடவே நெடுநாள் தன்னார்வலர். நிறுவனமும் சமூகமும் எதிரிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். யாரிடமும் அனுமதி கேட்காமல், கட்டணம் கட்டாமல், மழை பெய்துகொண்டிருக்கும்போதே அதைச் செய்ய முடிந்தது. தரவு திறந்திருந்தது, ஊரைத் தெரிந்த ஆளும் இருந்தார்.

இரண்டு பக்கமும் செய்ய வேண்டியது

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது தர்மம் அல்ல. மூன்றே மூன்று விஷயங்கள். ஒன்று, அந்தச் சின்ன எழுத்தை ஒளிக்காமல் காட்டுவது. அது நன்றி அறிவிப்பு மட்டும் இல்லை, புதிய ஆள் உள்ளே வரும் கதவு. இரண்டு, வாடிக்கையாளர் சொல்லும் பிழையைத் தன் பிரதியில் மட்டும் திருத்தாமல் மூலத்துக்கும் கொண்டுவருவது. மூன்று, ஒரு நாட்டில் ஆள் வைத்து வரையும் முன் அந்த நாட்டில் ஏற்கனவே வரைபவர்களிடம் பேசுவது. மூன்றுக்கும் ஆகும் செலவு, ஒரு நாட்டைப் புதிதாக அளந்து வரையும் செலவோடு ஒப்பிட்டால் கொசுறு.

தன்னார்வலர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. புதிதாக வருபவர் ஒரு தப்பு செய்தால் பாய்ந்து விழும் பழையவர்கள் அங்கே உண்டு. ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு மரமும் பெஞ்சும் வரைபடத்தில் இருக்கும்போது பல ஏழை நாடுகளில் ஊர்ப்பெயரே விடுபட்டிருக்கிறது. பெண்கள் மிகக் குறைவு. வெற்றிடம் இருக்கும் இடத்தில் கணினியும் சம்பள ஆட்களும் வந்து நிரப்பத்தான் செய்வார்கள். தன் வீட்டு வாசலைப் பெருக்காதவர், அடுத்தவர் வந்து பெருக்குகிறார் என்று புகார் சொல்ல முடியாது.

அறக்கட்டளையின் நிர்வாகத்திலும் கவனம் தேவை. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் அதன் நிர்வாகக் குழு தேர்வாகிறது. 2018ல் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த சுமார் நூறு பேர் ஒரே சமயத்தில் உறுப்பினராகச் சேர முயன்றது பெரிய சலசலப்பை உண்டாக்கியது. அதன்பின் 2020ல், ஆண்டுக்கு 42 நாட்களாவது வரைபவர்கள் கட்டணம் இல்லாமலே உறுப்பினராகலாம் என்று வழி திறக்கப்பட்டது. நல்ல பதில் அது. ஆட்களைத் தடுப்பதைவிட, உண்மையில் உழைப்பவர்களை நிறையச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

எல்லாம் கடைசியில் அந்த மூலைக்கே வந்து நிற்கிறது. அடுத்த முறை கைப்பேசியில் வரைபடம் திறக்கும்போது ஒரு நொடி ஓரத்தைப் பாருங்கள். அந்தச் சின்ன எழுத்து இருந்தால் தொட்டுப் பாருங்கள். உங்கள் தெரு அதில் இருக்கிறதா, பெயர் சரியா, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குறுக்குச் சந்து இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. எந்தச் செயற்கைக்கோளுக்கும் அந்தச் சந்தின் பெயர் தெரியாது.